தெருமுனைக் கடைதான், நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, காட்பாடியிலிருந்தும் சத்துவாச்சாரியிலிருந்தும் வேலை முடிந்த கையோடு வந்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, தம்பி தங்கைகளே, எல்லாருக்கும் வணக்கம். மனசு நிறைய ராமென், அதாவது ஜப்பான் நூடுல்ஸ் சாறு, சாப்பிடப் பேர் பெற்ற உணவகத்தைத் தேடிப் போக வேண்டுமா, நம்ம பேட்டையிலேயே ஒரு சின்னக் கடை போதுமா என்பதுதான் இன்றைய வழக்கு. எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? ராமென் ஜப்பான்காரர்கள் பக்குவம், அதற்கு வேண்டிய சாமான் வேலூரில் கிடைக்காது, வருஷத்துக்கு ஒரு தடவை என்றாலும் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய் நல்லதாகச் சாப்பிடுங்கள் என்றார். ருசி தெரிந்த மனுஷர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நான் தெருமுனைக் கடையின் பக்கம்.

முதலில் அந்தக் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்ப்போம். அடியில் தாரே என்கிற உப்புச்சாறு, சோயா சாஸிலோ, சோயாவைப் புளிக்கவைத்த மிசோ விழுதிலோ, வெறும் உப்பிலோ செய்தது; அதன்மேல் வாசனைக்குக் கொஞ்சம் எண்ணெய்; பிறகு மணிக்கணக்காக எலும்பு வெந்து இறங்கிய கொதிக்கிற சாறு; அதில் அந்த நிமிஷம்தான் வெந்நீரிலிருந்து அள்ளி உதறிய நூடுல்ஸ்; மேலே இறைச்சித் துண்டு, கரு இளகி நிற்கும் பாதி முட்டை, வெங்காயத்தாள். மேஜைக்கு வந்ததுமே நூடுல்ஸ் சாற்றை இழுத்து ஊற ஆரம்பித்துவிடும், நீங்கள் போட்டோ எடுக்கிற நேரம்கூட அதற்கு அதிகம். ஜப்பானில் ஹகாட்டா பக்கத்து நூடுல்ஸ் இன்னும் மெல்லிசு, சட்டென்று வெந்துவிடும், சட்டென்று ஊறியும் விடும். அதனால் முதலில் கொஞ்சமாகப் போட்டுத் தருவார்கள், தின்று முடித்ததும் மீதிச் சாற்றில் இன்னொரு பிடி கேட்டு வாங்கிக்கொள்ளலாம், கயேடமா என்று அதற்குப் பேர். அங்கேயுள்ள நாகஹாமா மீன் சந்தையில் நின்ற நிலையில் சாப்பிட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிறவர்களால் வந்த பழக்கம் என்று சொல்வார்கள். நடுவர் அவர்களே, சந்தைக்காரர்கள் வேலைக்கு நடுவே ஓடி வந்து சாப்பிட்ட சாப்பாட்டை ஏறக்குறைய 140 கிலோமீட்டர் தள்ளிச் சென்னையில் வைத்து, பஸ் ஏறி வந்து சாப்பிடு என்றால் அது எப்படி நியாயம் ஆகும்? பார்சலும் வாங்க முடியாது. வாலாஜா தாண்டுவதற்குள் அது களியாகிவிடும்.

அடுத்து, அசல் ராமென் என்று ஒரு வாதம் வைத்தார்கள். சரி, அசல் எங்கே இருக்கிறது? 1910இல் தோக்கியோவின் அசகுசாவில் ராய்ராய்கென் என்ற கடை திறந்தபோது அடுப்படியில் நின்றவர்கள் யோகோஹாமாவிலிருந்து கூட்டி வந்த சீனச் சமையல்காரர்கள். அங்கிருந்து ஊர் ஊராகப் போன ராமென் ஒவ்வோர் ஊரிலும் ஒரு மாதிரி ஆனது. குளிர் ஊரான சப்போரோவில் மிசோ போட்டார்கள். குருமேயில் 1937இல் திறந்த ஒரு தள்ளுவண்டியிலிருந்துதான் பன்றி எலும்புச் சாறு ராமென் கிளம்பியது. கிதகதாவில் அகலமான, நெளிநெளியான நூடுல்ஸ், அதைக் காலையிலேயே சாப்பிடுகிறவர்கள் அங்கே உண்டு. 1994இல் யோகோஹாமாவில் ராமெனுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் திறந்தார்கள், அதற்குள்ளும் பல ஊர்க் கடைகளைத்தான் கொண்டுவந்து வைத்தார்கள். இத்தனை ஊருக்கு இருக்கிற உரிமை வேலூருக்கு மட்டும் ஏன் இல்லை?

பேர் பெற்ற உணவகம் என்றார்களே, அதற்கும் வருகிறேன். உலகத்திலேயே முதன்முதலாக, உணவகங்களின் தரத்துக்குக் கொடுக்கும் மிஷலின் நட்சத்திரம் வாங்கிய ராமென் கடை எது தெரியுமா? அப்போது தோக்கியோவின் சுகமோ என்கிற குடியிருப்புப் பகுதியில் இருந்த, பத்துப் பேர்கூடச் சேர்ந்தாற்போல் உட்கார முடியாத ட்சுதா. 2015 கடைசியில் நட்சத்திரம் வருவதற்கு முன்பே அது நல்ல கடைதான், அக்கம்பக்கத்தார் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

சாமான் கிடைக்காது என்ற பேச்சுக்குத்தான் நான் ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன், மணி அடித்தாலும் கொஞ்சம் பொறுங்கள். ராமெனில் முக்கால்வாசி வேலை எலும்புச் சாறு. விடிகாலையில் ஆட்டுக்கால் பாயாவில் இடியாப்பத்தைப் பிய்த்துப் போட்டுச் சாப்பிட்டு வளர்ந்த வட ஆற்காட்டுக்காரர்களிடம் வந்து எலும்பை எப்படி வேகவைப்பது என்று யாராவது பாடம் எடுப்பார்களா? பன்றி இறைச்சி இங்கே எல்லாருக்கும் ஆகாது, அது உண்மை. அதற்கு ஜப்பானிலேயே வழி இருக்கிறது, கோழி எலும்பிலும் கோழிக்காலிலும் செய்யும் தோரி பைத்தான் என்கிற சாறு. கொதி அடங்காமல் மணிக்கணக்கில் விட்டால் கொழுப்பும் எலும்பிலிருந்து இறங்கும் பசையும் தண்ணீரோடு கலந்து சாறு வெளுத்துக் கெட்டியாகிவிடும். கோழிக்கால் நம்ம ஊர்க் கறிக்கடையில் வாங்க ஆளில்லாமல் கிடக்கிற சாமான். அப்புறம் நூடுல்ஸ். அதற்கு மஞ்சள் நிறமும் இழுவையும் கொடுப்பது கான்சுய் என்கிற உப்பு, அதாவது சோடியம் கார்பனேட்டும் பொட்டாசியம் கார்பனேட்டும். நம்ம ஆப்ப சோடாவை அடுப்பில் நன்றாகச் சுட்டு எடுத்தாலே அது சோடியம் கார்பனேட் ஆகிவிடும். ஜப்பானிலிருந்து கட்டாயம் வரவேண்டியது மிசோ, கடற்பாசி மாதிரி கெட்டுப்போகாத நாலு சாமான்தான், அதெல்லாம் பெட்டியில் வந்து சேரும். அன்றாடம் புதிதாக வாங்க வேண்டியது அத்தனையும் இங்கேயே இருக்கிறது.

யார் வருவார்கள், எப்படி ஓடும் என்று எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய தங்கை கேட்டார். சி.எம்.சி. எதிரே பாபு ராவ் தெருப் பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள் தங்கச்சி. கடைப் பலகையெல்லாம் வங்காளத்தில் இருக்கும், உள்ளே மீன் குழம்பும் சோறும். வேலூரில் வங்காளச் சாப்பாடு வரவேண்டும் என்று யாரும் திட்டம் போடவில்லை. வைத்தியத்துக்கு வந்த குடும்பங்கள் வாரக்கணக்கில் அந்தத் தெருக்களில் தங்கின, தினமும் பசித்தது, கடை வந்தது. இந்தப் பக்கம் வி.ஐ.டி.க்கு வடகிழக்கிலிருந்து வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களோடு சேர்ந்து மோமோவும் தூக்பா என்கிற நூடுல்ஸ் சூப்பும் பழகிவிட்ட நம்ம பிள்ளைகள் இருக்கிறார்கள். ராமென் என்றால் பாக்கெட்டைப் பிரித்து வெந்நீர் ஊற்றுவதுதான் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களும் இவர்களில் உண்டு, 1958இல் மொமொஃபுகு ஆண்டோ கொண்டுவந்த அந்தப் பாக்கெட்டை நான் குறை சொல்ல மாட்டேன், நடுராத்திரியில் அதுதான் துணை. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு நடந்து போகிற தூரத்தில் நிஜச் சாறு ஒரு தடவை கிடைக்கட்டும், பிறகு பாருங்கள்.

காட்பாடி பக்கம் அப்படி ஒரு கடைக்கு நான் போகிறேன். சென்னையில் ஓட்டல் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய தம்பி ஒருவர் நடத்துகிறார், சாயந்திரம் மட்டும்தான் ராமென், பானை காலியானால் கடை மூடிவிடுவார். ஆரம்பத்தில் அவருடைய சாற்றில் உப்பு தூக்கலாக இருக்கும், முட்டையும் சில நாள் கல்லாக வெந்துவிடும், நான் சொன்னேன், பக்கத்து மேஜை மாணவிகளும் சொன்னார்கள். இப்போது தாரேயைத் தனியாகக் கரண்டியால் அளந்து ஊற்றுகிறார். என் கிண்ணத்தை வைத்துவிட்டு நகராமல் நின்று, "அக்கா, ஒரு வாய் சாறு குடிச்சிட்டுச் சொல்லுங்க" என்கிறார். சாற்றின் மேல் எண்ணெய் சின்னச் சின்ன வட்டமாக மிதக்கிறது, கடைசிக் கவளம் வரை நூடுல்ஸ் பல்லுக்கு நிற்கிறது, குடித்து முடித்தால் உதடு லேசாக ஒட்டுகிறது. எலும்பு நன்றாக வெந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி எனக்கு வேண்டாம். பெரிய ஊர் உணவகத்திலும் சாப்பிட்டிருக்கிறேன், ருசி அருமை, மறுக்கவில்லை. ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவை போகிற நான் அங்கே உப்பு அதிகம் என்று சொன்னால் யாருக்காக மாற்றுவார்கள்?

அதனால் நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்கள் அந்தத் தம்பி கடையில் ஒரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு வந்து என் வாதத்துக்குப் பதில் சொல்லட்டும். ஆறு மணிக்குள் போகச் சொல்லுங்கள், ஏழுக்கெல்லாம் பானை காலி. நன்றி, வணக்கம்.