பைலட் எரிகிறது, பர்னர் எரியவில்லை

நேயர்களுக்கு வணக்கம். கலிஃபோர்னியாவில் நவம்பர் பிறந்து இரவுக் குளிர் ஏறத் தொடங்கியதும், சன்னிவேல், ஃப்ரீமான்ட் பக்கத்துப் பழைய அடுக்ககங்களில் குடியிருக்கும் நம்மவர்களிடமிருந்து எனக்கு வருகிற அழைப்புகளில் பெரும்பாலானவை ஒரே புகாரைத்தான் சொல்கின்றன. எரிவாயுவில் இயங்கும் சுவர் ஹீட்டரில், பர்னரைப் பற்றவைக்கும் சிறு சுடரான பைலட் எரிகிறது. ஆனால் தெர்மோஸ்டாட்டை எவ்வளவு ஏற்றி வைத்தாலும் பெரிய பர்னர் பற்றிக்கொள்வதில்லை. இந்த ஒரு கோளாறைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை. அழுகிய முட்டை போன்ற நெடி வந்தால், இனி நான் சொல்லப்போகும் எதையும் செய்ய வேண்டாம். விளக்கு ஸ்விட்சைக்கூடத் தொடாமல் வெளியே வந்து, அங்கிருந்தே எரிவாயு நிறுவனத்தின் அவசர எண்ணை அழையுங்கள்.

இந்த ஹீட்டர்களில் பலவற்றுக்கு வீட்டு மின்சாரத்தோடு தொடர்பே கிடையாது. ஊரெல்லாம் மின்சாரம் போன இரவிலும் அவை எரியும். அவற்றுக்கு வேண்டிய மின்சாரத்தைப் பைலட் சுடரே உண்டாக்கிக் கொடுக்கிறது. இரு வேறு உலோகங்கள் சேரும் இடத்தைச் சூடாக்கினால் மின்னழுத்தம் பிறக்கும் என்று 1821ஆம் ஆண்டில் சீபெக் கண்டறிந்த விளைவுதான் இங்கே வேலை செய்கிறது. அப்படிப்பட்ட ஒரு தெர்மோகப்பிள் ஏறத்தாழ 30 மில்லிவோல்ட் தரும். அவற்றில் பலவற்றைத் தொடராக இணைத்து ஒரே தண்டுக்குள் அடைத்த தெர்மோபைல், நல்ல நிலையில் 750 மில்லிவோல்ட் வரை தரும். டார்ச்சில் போடும் ஒரு பாட்டரியின் அழுத்தத்தில் இது பாதி. இந்த அரை பாட்டரி சக்திதான் கேஸ் வால்விலிருந்து கிளம்பி, சுவருக்குள் ஓடும் கம்பி வழியாகத் தெர்மோஸ்டாட்டுக்குப் போய், அதிக வெப்பத்தில் துண்டிக்கும் லிமிட் ஸ்விட்சையும் கடந்து திரும்பி வந்து வால்வைத் திறக்க வேண்டும். 120 வோல்ட் வயரிங்கில் யாரும் பொருட்படுத்தாத சிறு துருவும் தளர்ந்த திருகாணியும் இங்கே வழியை அடைத்துவிடும்.

பைலட் எரிகிறதே, அப்படியானால் தெர்மோபைல் நன்றாகத்தானே இருக்கிறது என்று பலரும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் அந்த முடிவு தவறு. பற்றவைக்கும்போது பைலட் வால்வை உங்கள் விரல்தான் அழுத்தித் திறக்கிறது. காந்தம் அதைப் பிடித்து வைத்திருந்தால் போதும், அதற்குச் சொற்ப மின்சாரமே வேண்டும். பெரிய வால்வைத் திறக்க அதைவிட அதிகம் தேவை. ஆகவே, நலிந்த தெர்மோபைல் பைலட்டைக் காப்பாற்றிக்கொண்டே பர்னரைக் கைவிட்டுவிடும்.

வெட்கப்படாமல் முதலில் பார்க்க வேண்டியது வால்வின் குமிழ். அது பைலட் என்ற இடத்திலேயே நின்றிருந்தால் பர்னர் ஒருநாளும் எரியாது. ஆன் என்ற இடத்துக்குத் திருப்பியாக வேண்டும். அடுத்தது சுடர். அது நீலமாக, அசையாமல், தெர்மோபைலின் நுனியில் அரை அங்குலம் அளவுக்குச் சூழ்ந்து நிற்க வேண்டும். மஞ்சளாகவோ, சோம்பலாக வேறு பக்கம் சாய்ந்தோ எரிந்தால் பைலட்டின் காற்றுத் துவாரத்தில் தூசியோ சிலந்தி வலையோ அடைத்திருக்கக்கூடும். கோடை முழுவதும் அணைத்து வைத்த ஹீட்டரில் இது சர்வசாதாரணம்.

சென்ற குளிர்காலத்தில் ஒரு வீட்டில், வேறொருவர் கேஸ் வால்வையே புதிதாக மாற்றிய பிறகும் பர்னர் எரியவில்லை என்று அழைத்தார்கள். தெர்மோஸ்டாட் கம்பிகள் வால்வில் சேரும் இரண்டு முனைகளை, அதாவது டிஎச் என்றும் டிஎச்-டிபி என்றும் குறித்திருப்பவற்றை, ஒரு சிறு கம்பித் துண்டால் இணைத்தேன். பொஃப் என்ற மெல்லிய ஓசையோடு பர்னர் நுனி முதல் நுனி வரை நீலமாகப் பற்றியது. வால்வு பழுதில்லை, தெர்மோபைலும் பழுதில்லை என்பது அந்த நொடியே உறுதியாகிவிட்டது. சுவர் வழியே கம்பியைத் தொடர்ந்து போய்ப் பார்த்தால், யாரோ எப்போதோ முறுக்கி டேப் சுற்றி வைத்த ஒட்டில் தாமிரம் பச்சை பூத்துக் கிடந்தது. சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கியதும் தெர்மோஸ்டாட்டுக்கு ஹீட்டர் கட்டுப்பட்டது. வால்வுக்குக் கொடுத்த பணம் போனதுதான்.

இந்தச் சோதனை, பைலட் சுடர் தரும் மின்சாரத்திலேயே இயங்கும் இத்தகைய மில்லிவோல்ட் ஹீட்டருக்கு மட்டுமே உரியது; அந்தக் கம்பித் துண்டை அப்படியே விட்டுவிடவும் கூடாது, விட்டால் ஹீட்டர் நிற்காமல் எரியும். லிமிட் ஸ்விட்சை எக்காரணம் கொண்டும் இப்படித் தாண்டிவிடாதீர்கள். கைபேசியில் இயக்கும் புதிய தெர்மோஸ்டாட்டை வாங்கி மாட்டியவர்களுக்கும் ஒரு வார்த்தை: அவற்றில் பல 24 வோல்ட் அமைப்புக்கானவை, மில்லிவோல்ட் அமைப்புக்குப் பொருந்தும் என்று பெட்டியில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கம்பித் துண்டால் இணைத்தும் எரியவில்லை என்றால் மல்டிமீட்டரை எடுக்க வேண்டும். தெர்மோபைலின் கம்பிகள் வால்வில் சேரும் டிபி, டிஎச்-டிபி முனைகளுக்கு இடையே, தெர்மோஸ்டாட் அணைந்திருக்கையில் 325 மில்லிவோல்ட்டுக்குக் குறையாமலும், தெர்மோஸ்டாட்டை ஏற்றிய பின் 100 மில்லிவோல்ட்டுக்குக் குறையாமலும் காட்டுவதுதான் பொதுவான அளவு. அதற்குக் கீழே இறங்கினால், பைலட்டைச் சுத்தம் செய்து, மீண்டும் அளந்து, அப்போதும் தேறவில்லையென்றால் தெர்மோபைலை மாற்ற வேண்டும். அளவு சரியாக இருந்தும் வால்வு அசையவில்லை என்றால் மட்டுமே வால்வைச் சந்தேகிக்கலாம். அதைத் திறந்து பழுது பார்ப்பது நம் வேலையல்ல, உரிமம் பெற்றவர் வந்து மாற்ற வேண்டும். வாடகை வீடானால் அந்தச் செலவு உங்களுடையதும் அல்ல: ஹீட்டரை நல்ல நிலையில் வைத்திருக்கும் பொறுப்பைக் கலிஃபோர்னியச் சட்டம் வீட்டு உரிமையாளர் மீதுதான் வைத்திருக்கிறது. அவருக்கு எழுத்தில் தெரிவித்து, அதன் நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.