மோட்டார் 31 அடியில் நிற்கிறது, தென்னை 70 அடிக்கு ஏற்றுகிறது

(காட்சி: பொள்ளாச்சி பக்கம் ஒரு தென்னந்தோப்பு. ஓரத்தில் கல் கட்டிய பழைய கிணறு.)

வணக்கமுங்க. இந்தக் கிணற்றுக்குள் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். பாதி ஆழத்தில் சுவரை வெட்டி ஒரு திட்டு தெரிகிறதா? அதில் துருவேறிய நாலு போல்ட்டு நிற்கிறது. எங்கள் அப்பாரு காலத்து மோட்டார் அங்கேதான் உட்கார்ந்திருந்தது. கொங்கு நாட்டில் பழைய கிணறுகள் பலவற்றில் இப்படி ஒரு திட்டு இருக்கும். சிலவற்றில் ஒன்றுக்குக் கீழே ஒன்றாக இரண்டு, மூன்றுகூட இருக்கும். தண்ணீர் இறங்க இறங்க மோட்டாரும் படி இறங்கியிருக்கிறது.

ஏன் இந்தப் பாடு? மழைக்குக் கிணறு நிரம்பினால் மோட்டார் மூழ்கிக் காயில் போய்விடும். கழற்றி மேலே ஏற்ற நாலு ஆள் வேண்டும். மேட்டிலேயே ஷெட் போட்டு, ஐந்து எச்.பி.க்குப் பதில் பத்து எச்.பி. வைத்தால் இழுக்காதா?

இழுக்காது. ஐம்பது எச்.பி. வைத்தாலும் இழுக்காது.

(காட்சி: நூல் பின்னிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூப், இரண்டு முனையிலும் வால்வு.)

வாயால் சொன்னால் நம்ப மாட்டீர்கள் என்று இதே கிணற்றில் செய்து பார்த்தோம். 40 அடி டியூப் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையையும் மூடி, ஒரு முனையைக் கிணற்றுத் தண்ணீருக்குள் இறக்கினோம். இன்னொரு முனை மேட்டில் என் கையில். கீழே இருந்த தம்பி தண்ணீருக்குள் கையை விட்டு அடிவால்வை மட்டும் திறந்தான். முதல் நாள் மலிவான ஓஸ் வாங்கியது என் தப்பு. திறந்ததும் அது நாடா மாதிரி சப்பிப் போனது. சரி, அடுத்த நாள் கெட்டியான டியூப்.

இப்போது பாருங்கள். மேல்வால்வு மூடியே இருக்கிறது, காற்று நுழைய வழியே இல்லை. ஆனாலும் தண்ணீர் இறங்குகிறது, இறங்கி ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. டேப்பை வைத்தால் கிணற்று நீர்மட்டத்திலிருந்து 31 அடி. அதற்கும் அரை அடி குறைவு என்றுகூடச் சொல்லலாம். மேற்பரப்பில் குமிழி குமிழியாக வருகிறது பாருங்கள். கரைந்திருந்த காற்று பிரிகிறது. கூடவே தண்ணீர் கொதிக்கிறது. அடுப்பில்லாமல், கை சுடாமல், பச்சைத் தண்ணீர் கொதிக்கிறது.

விஷயம் இதுதான்: பம்பு தண்ணீரை உறிஞ்சுவதே இல்லை. பைப்புக்குள் இருப்பதை வெளியே தள்ளி இடம் காலி செய்கிறது, அவ்வளவுதான். தண்ணீரை மேலே ஏற்றுவது வெளியே கிணற்றுப் பரப்பை அழுத்திக்கொண்டிருக்கும் காற்று. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் ஏறக்குறைய ஒரு கிலோ எடை. என் ஓஸைச் சப்பியதும் அதே காற்றுதான். அந்த ஒரு கிலோவால் எவ்வளவு உயரத் தண்ணீரைத் தாங்க முடியுமோ, அதுதான் எல்லை.

1643ல் இத்தாலியில் டாரிசெல்லி இதைப் பாதரசத்தில் காட்டினார். பாதரசம் 76 சென்டிமீட்டரில் நின்றது. தண்ணீரைவிட அது 13.6 மடங்கு கனம். 76ஐ 13.6ஆல் பெருக்குங்கள்: 1,033 சென்டிமீட்டர், அதாவது 34 அடி. இது கடல் மட்டத்துக் கணக்கு. பொள்ளாச்சி கிட்டத்தட்ட 300 மீட்டர் உயரம், நம் தலைக்கு மேல் காற்று கொஞ்சம் குறைவு. அதில் ஒரு அடிக்குச் சற்று மேல் போகிறது. குழாய்க்குள் எழும் நீராவியும் ஒன்றரை அடியைத் தள்ளிவிடும். மிச்சம் 31. ஊட்டியில் இதே மோட்டாரை வைத்தால் 26 அடிகூடத் தேறாது. மலை ஏறினால் பாதரசம் இறங்கும் என்பதை 1648லேயே பாஸ்கல் தன் மைத்துனரை பிரான்சில் ஒரு மலைமேல் ஏறவைத்துக் காட்டிவிட்டார்.

டாரிசெல்லிக்கு முன் கலீலியோவும் இதை யோசித்தார். 1638ல் வந்த அவர் நூலில் பம்பு ரிப்பேர் பார்க்கும் ஆள் ஒருவர் வருகிறார். 18 முழத்துக்கு மேல் (அந்த ஊர் முழம்) எந்தப் பம்பும் ஏற்றாது என்கிறார் அவர். கலீலியோ சொன்ன காரணம் வேறு: நீளக் கயிறு தன் கனத்தாலேயே அறுந்துவிடுகிறதே, அதுபோலத் தண்ணீரும் அறுந்துவிடுகிறது என்றார். பம்பு விஷயத்தில் அது தப்பு. ஆனால் அந்தக் கயிற்றை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

(காட்சி: பட்டறை மேசைமேல் ஒரு பழைய இம்பெல்லர், அதாவது பம்புக்குள் சுற்றும் இறக்கைச் சக்கரம்.)

எல்லையை முட்டினால் என்ன ஆகும்? எங்கள் மோட்டார் மெக்கானிக் அண்ணன் எடுத்துவைத்திருந்த இம்பெல்லர் இது. இறக்கையின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள், கரையான் அரித்த கட்டை மாதிரி சொரசொரவென்று இருக்கும். இத்தனைக்கும் இது வார்ப்பிரும்பு. அழுத்தம் குறைந்த இடத்தில் தண்ணீர் கொதித்துக் குமிழி எழுகிறது; இறக்கை சுற்றி அழுத்தம் ஏறிய இடத்துக்கு வந்ததும் அந்தக் குமிழி சுருங்கி வெடிக்கிறது. ஒவ்வொரு வெடிப்பும் இரும்பில் ஒரு ஊசிக்குத்து. பம்புக்குள் ஜல்லி போட்டுக் குலுக்கினமாதிரி சத்தம் கேட்டால் அதுதான்.

அப்படியானால் ஆழத்துத் தண்ணீரை எப்படி எடுப்பது? மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை ஓட்டிய காலத்தில் இந்தத் தொந்தரவே இல்லை. மாடு வடத்தை இழுக்க, வடத்தில் கட்டிய பறி என்ற பெரிய வாளி தண்ணீரை அள்ளிக்கொண்டு வந்தது. அள்ளித் தூக்குவதற்கு 34 அடிக் கணக்கு கிடையாது. 1932ல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து கரண்ட் வந்தது, 1937ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் கோவையிலேயே மோட்டார் செய்தார்கள். நீலகிரியில் கீழே விழுந்த தண்ணீர், சமவெளியில் கிணற்றுத் தண்ணீரை மேலே ஏற்றியது. எனக்கு இதில் ஒரு ரசனை உண்டு.

இப்போது போர்வெல்லுக்குள் இறங்கும் சப்மெர்சிபிள் தண்ணீருக்கு அடியில் நின்று தள்ளுகிறது. தள்ளுவதற்குக் காற்று துணை வேண்டாம், கரண்ட் பில் மட்டும் வேண்டும். 500 அடியிலிருந்து நொடிக்கு ஒரு லிட்டர் ஏற்றப் பச்சைக் கணக்கிலேயே 2 எச்.பி.; பம்பும் பைப்பும் தின்பது தனி. கம்ப்ரஸர் வைத்தவர்கள் காற்றை அடியில் ஊதி, தண்ணீரை நுரையாக்கி, கனம் குறைத்து ஏற்றுகிறார்கள்.

(காட்சி: கேமரா மெல்லத் தென்னையின் அடியிலிருந்து குருத்துவரை போகிறது.)

இனி இவரிடம் வருவோம். 70 அடி. மோட்டார் இல்லை, அடியில் தள்ளுவாரும் இல்லை. இளநீர் மட்டும் மேலே தொங்குகிறது. மெல்லிய குழாயில் தண்ணீர் தானாக ஏறுமே என்பீர்கள். தண்டுக்குள் இருக்கும் குழாய் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அகலம் என்று வையுங்கள். தானாக ஏறுவது ஒரு அடிதான்.

ரகசியம் ஓலையில் இருக்கிறது. ஓலைச் செல்களின் சுவரில் உள்ள துளைகள் மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு அளவு. அவ்வளவு சிறிய துளையில் தண்ணீரின் பிடி மைல் கணக்கில் தாங்கும். வெயிலில் அங்கே ஒரு துளி ஆவியானால், பின்னால் உள்ள துளி இழுபடுகிறது, அதன் பின்னால் அடுத்தது, இப்படியே வேர்வரை. தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொள்வதால் குழாய்க்குள் இருப்பது ஒரு கயிறு. கலீலியோவின் கயிறு! பம்பில் தோற்ற யோசனை மரத்தில் ஜெயித்துவிட்டது. டப்ளினில் டிக்சன், ஜோலி என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1894ல் இதை முன்வைத்தபோது பலர் ஏற்கவில்லை. 1965ல் ஸ்கொலாண்டர் குழு உயர மரங்களின் உச்சிக் கிளைகளைத் துப்பாக்கியால் சுட்டு விழவைத்து, அழுத்தக் கலத்துக்குள் வைத்து அளந்தது. உச்சியில் அழுத்தம் சுழிக்கும் கீழே. வெற்றிடத்துக்கும் கீழே, அதாவது நிஜமான இழுவிசை.

இழுபட்ட கயிறு அறுவதும் உண்டு. கடும் வறட்சியில் குழாய்க்குள் காற்றுக் குமிழி விழுந்துவிடும். அறும் ஒலியை 1966லேயே கருவி வைத்துக் கேட்டிருக்கிறார்கள்.

இதையெல்லாம் அந்த மெக்கானிக் அண்ணனிடம் சொன்னேன். மட்டை தொங்கிப்போன ஒரு மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"அப்ப மரமும் காத்து வாங்குதுங்கறீங்க?"

"ஆமாங்கண்ணா."

"சரி, புட் வால்வு எங்கீங்க இருக்குது?"

நல்ல கேள்வி. பம்பில் பைப்பின் அடிமுனையில் நின்று, தண்ணீர் திரும்ப இறங்காமல் பிடித்துவைப்பதுதான் புட் வால்வு. மரத்தில்? குழாய்க்கும் குழாய்க்கும் நடுவே சல்லடை மாதிரி ஒரு சவ்வு உண்டு. தண்ணீரை விடும், குமிழியை ஓரளவுக்கு மறிக்கும். போன குழாயை விட்டுப் பக்கத்துக் குழாய் வழியாகத் தண்ணீர் சுற்றிக்கொண்டு போகும். வேம்பும் புளியும் வருஷாவருஷம் புதுக் குழாய் போட்டுக்கொள்ளும். தென்னை அப்படி இல்லை, தண்டு பருப்பதில்லை. முதலில் போட்ட பைப்லைன்தான் கடைசிவரை.

"அப்ப கழட்டி மாட்ட முடியாதுன்னு சொல்லுங்க" என்றார் அண்ணன். அதற்குள் போன் அடித்தது. எங்கேயோ ஒரு தோட்டத்தில் சப்மெர்சிபிள் நின்றுபோயிருந்தது.