முதலாண்டு மாணவர் கைக்கு வரும் பொறுப்பு

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

பல்கலைக்கழகத்தில் முதலாண்டில் அடியெடுத்து வைத்திருக்கும் மாணவர்களையும் அவர்களுடைய பெற்றோரையும் மனத்தில் வைத்தே இன்று பேச வந்திருக்கிறேன். முதலாண்டு வகுப்புகளுக்குப் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்தி வருகிறேன். அந்த ஆண்டில் தடுமாறுகிறவர்களில் பெரும்பாலோர் அறிவிலோ உழைப்பிலோ குறைந்தவர்கள் அல்லர் என்பதே நான் கண்டது. பள்ளியில் மற்றவர்கள் செய்துகொடுத்த வேலை ஒன்று இங்கே யாரும் சொல்லாமலே அவர்கள் கைக்கு வந்துவிடுகிறது. அது வந்து சேர்ந்ததை உணர்வதற்குள் பாதிப் பருவம் கழிந்துவிடுகிறது.

எதை எப்போது படிப்பது என்று முடிவு செய்வதுதான் அந்த வேலை. பள்ளியில் கால அட்டவணை நாள் முழுவதையும் நிரப்பிவிடும். வீட்டுப்பாடம் உடனுக்குடன் திருத்தப்படும். பின்தங்கினால் வகுப்பாசிரியர் கூப்பிட்டு விசாரிப்பார். பல்கலைக்கழகத்திலோ இரண்டு விரிவுரைகளுக்கு இடையே ஒரு பிற்பகல் முழுவதும் காலியாகக் கிடக்கும். அது காலி நேரமன்று. ஐரோப்பிய நாடுகள் பல பின்பற்றும் பொதுவான கிரெடிட் முறையைப் பாருங்கள்: முழுநேர மாணவருக்கு ஓராண்டுக்கு 60 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு, ஆக, ஆண்டுக்கு 1,500 முதல் 1,800 மணி நேரம். மாணவர் தாமாகப் படிக்கும் நேரமும் அசைன்மென்ட் எழுதும் நேரமும் சேர்ந்துதான் இந்தக் கணக்கு. முறை நாட்டுக்கு நாடு மாறலாம். ஆனால் வகுப்புக்கு வெளியே செய்யவேண்டிய வேலையையும் எண்ணிப் பார்த்தே பொதுவாகப் பாடத்திட்டம் வகுக்கப்படுகிறது. ஆகவே பருவம் தொடங்கிய வாரத்திலேயே எல்லாப் பாடங்களுக்குமான தேர்வு நாள்களையும் ஒப்படைக்கவேண்டிய தேதிகளையும் ஒரே தாளில் எழுதி, கண்ணில் படும் இடத்தில் ஒட்டி வையுங்கள். மூன்று பாடங்களின் கெடு ஒரே வாரத்தில் வந்து விழுவது அந்தத் தாளில்தான் முன்கூட்டியே தெரியும்.

நேரத்தை ஒதுக்கினால் மட்டும் போதாது. படிக்கும் முறையும் மாறவேண்டும். பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதையே படிப்பு என்று நாம் பழகியிருக்கிறோம். 2006-இல் அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், மாணவர்களில் ஒரு பிரிவினர் ஓர் உரைநடைப் பகுதியை நான்கு தடவை வாசித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு தடவை வாசித்துவிட்டு, நினைவிலிருப்பதை மூன்று தடவை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, மீண்டும் மீண்டும் வாசித்தவர்களே முந்தியிருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ, அவர்களுக்கு நினைவிருந்தது ஏறத்தாழ 40 விழுக்காடு; எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 விழுக்காடு. வாசித்து முடித்தவுடன் 'எல்லாம் தெரிந்துவிட்டது' என்று தோன்றுகிறதே, அந்தத் திருப்தியை நம்பித் தேர்வறைக்குப் போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. உழைத்திருக்கிறார்கள், உழைப்பு போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. விரிவுரை நடந்த அன்று மாலையே குறிப்பேட்டை மூடிவிட்டு, வெற்றுத்தாளில் அன்றைய பாடத்தை உங்கள் சொற்களில் எழுதிப் பாருங்கள். எந்த இடத்தில் பேனா நின்றுவிடுகிறதோ அந்த இடத்தை மட்டும் திறந்து படித்தால் போதும்.

அந்த இடம் தனியே படித்தும் விளங்கவில்லையென்றால் ஆசிரியரிடம் போங்கள். பேராசிரியர் அறையின் கதவைத் தட்டப் பல மாணவர்கள் தயங்குகிறார்கள். தயங்கித் தயங்கி, தேர்வுக்கு முந்தைய வாரத்தில் வந்து "சார், ஒண்ணுமே புரியலை" என்கிறார்கள். அந்த நிலையில் எந்த ஆசிரியராலும் அதிகம் உதவ முடிவதில்லை. வேறொரு மாணவி தாம் போட்டுப் பார்த்த கணக்கின் தாளோடு வருவார். நான்காவது வரி வரை சரியாக இருக்கும். ஐந்தாவது வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருப்பார். அவருடைய சந்தேகத்தைத் தீர்க்கப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தில் அவர் எப்படிச் சிந்திக்கிறார் என்பது எனக்கும் தெரிந்துவிடுகிறது. அடுத்த வகுப்பில் அதே இடத்தை எல்லோருக்கும் இன்னும் தெளிவாகச் சொல்கிறேன்.

இனி, மாணவர்கள் வெளியே சொல்லத் தயங்கும் ஒரு விஷயத்துக்கு வருகிறேன். பள்ளியில் முதல் மாணவராக இருந்த ஒருவர் முதல் தேர்வில் சராசரி மதிப்பெண் வாங்கும்போது, 'நான் இங்கே இருக்கத் தகுதியானவன்தானா' என்ற எண்ணம் எழும். பக்கத்தில் இருப்பவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பதால் அந்த எண்ணம் தமக்கு மட்டுமே இருப்பதாகப் படும். வால்டன், கோஹன் என்ற இரு உளவியலாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தொடுகிறது. 'இந்த இடம் நமக்கு உரியதா என்ற கவலை எல்லோருக்கும் வரும், நாளடைவில் தணியும்' என்று மூத்த மாணவர்கள் சொன்னவற்றை முதலாண்டு மாணவர்கள் படித்தார்கள்; அதைத் தம் அனுபவத்தோடு பொருத்தி எழுதினார்கள். சுமார் ஒரு மணி நேரப் பயிற்சிதான் அது. அதில் கலந்துகொண்ட அமெரிக்கக் கறுப்பின மாணவர்களின் மதிப்பெண்கள் பின்வந்த ஆண்டுகளில் உயர்ந்தன. வெள்ளையின மாணவர்களோடு இருந்த இடைவெளி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. தகுதி பற்றிய கவலை வேறு, தகுதி வேறு என்பதைத் தெளிந்துகொண்டவர்களுக்கு, குறைந்த மதிப்பெண் வந்த விடைத்தாளை நிதானமாகப் புரட்டி எங்கே தவறினோம் என்று பார்க்கும் தெம்பு கிடைக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். தொலைபேசியில் பேசும்போது மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன், தூக்கம் வருகிறதா, யாரோடு சேர்ந்து சாப்பிடுகிறாய், வகுப்பில் யாரோடு பேசுகிறாய் என்று கேளுங்கள். வீட்டைப் பிரிந்த ஏக்கம் முதல் சில வாரங்களில் வருவது இயல்பு. பெரும்பாலும் தானாகவே தணியும். ஆனால் தூக்கமின்மையும் பசியின்மையும் வாரக்கணக்கில் நீடித்து, வகுப்புக்குப் போகவே பிடிக்காத நிலை வந்தால், அதைச் சோம்பல் என்று கண்டிக்கவேண்டாம். பல்கலைக்கழகத்தின் மாணவர் ஆலோசகரையோ மருத்துவரையோ உடனே பார்க்கச் சொல்லுங்கள். தனியே போகத் தயங்கினால் நண்பர் ஒருவரை அழைத்துக்கொண்டு போகட்டும்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.