தேனீப் பெட்டிக்குக் காது வைக்கலாம் வாங்க

[காட்சி: பணகுடி பக்கம் ஒரு முருங்கைத் தோட்டம். நிழலில் நாலு தேனீப் பெட்டிகள்.]

இந்த அண்ணாச்சி பெட்டியைத் திறக்கவே இல்ல, பாருங்க. பலகையில காதை வச்சார், விரலால ஒரு தட்டு தட்டினார். உள்ள ‘உஸ்’ஸுன்னு ஒரு சீறல், உடனே அடங்கிருச்சு. “ராணி இருக்குடே, தொறக்காண்டாம்”னு அடுத்த பெட்டிக்குப் போயிட்டார். அவர் காது செய்யிற வேலையைத்தான் இன்னிக்கு ஒரு சின்ன எலக்ட்ரானிக் போர்டுக்குக் கொடுக்கப் போறோம்.

பி.பி.சி.யில ஒலிப் பொறியாளரா இருந்த எட்டி வுட்ஸ் 1950கள்லயே இதுல இறங்கிட்டார். கூட்டம் பிரியறதுக்கு முன்னால 225லருந்து 285 ஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள முனகல் ஏறுதுன்னும், தட்டினா வர்ற சீறல் 3000 ஹெர்ட்ஸ் பக்கம்னும் கண்டுபிடிச்சார்.

ஆனா அது ஐரோப்பியத் தேனீ. நம்ம பெட்டியில இருக்கிற அடுக்குத் தேனீ அதைவிடச் சின்னது. அவர் எண்ணை அப்படியே நம்ம புரோகிராம்ல போடாதீங்க.

[காட்சி: மேசையில் மைக், போர்டு, பேட்டரி.]

ஐ.என்.எம்.பி. 441 மைக், இ.எஸ்.பி. 32 போர்டு, ஒரு லித்தியம் பேட்டரி, சின்ன சோலார் தகடு. மைக்கைத் தேனீக் குஞ்சு வளர்ற புழு அறைக்கு மேல, மூடிக்கு அடியில வைங்க. ஒலித்துளைக்கு முன்னால நெருக்கமான கம்பி வலை கட்டாயம். இல்லாட்டி தேனீ மெழுகால அடைச்சிரும்.

ஒரு நொடிக்கு 16,000 தடவை ஒலியை அளந்து எடுத்தா (சாம்பிள்) 8,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் பிடிக்கலாம். சீறலும் அதுக்குள்ள அடங்கிரும். ஒரு சாம்பிளுக்கு 2 பைட்னு வச்சா, 10 நொடிப் பதிவே 3.2 லட்சம் பைட். அதைத் தோட்டத்துலருந்து அனுப்பினா பேட்டரி தாங்காது. போர்டுலயே சத்தத்தை 20 அலைவரிசைப் பட்டையாப் பிரிச்சு, பட்டைக்கு ஒரு 2 பைட் எண் வச்சா 40 பைட்தான். கொஞ்சம் பேட்டரியில ரொம்பத் தூரம் போற லோரா ரேடியோவுல போயிரும். நம்ம நாட்டுல 865–867 மெகாஹெர்ட்ஸுக்கு லைசென்ஸ் வேண்டாம்.

அடுத்தது காத்து. ஆடியில மேகாத்து எப்படி அடிக்கும்னு இந்தப் பக்கத்து ஆளுக்குச் சொல்லவே வேண்டாம். காத்தாலையை இங்க நட்டதே அதுக்காகத்தானே! அந்த இரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த அலைவரிசை. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டிருங்க. அப்பவும் மீறி வந்தா, அந்தப் பதிவைக் கணக்குல சேர்க்காதீங்க.

[காட்சி: பெட்டி மேல் ஒரு நோட்டு, பேனா.]

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது இந்த நோட்டுதான். தேதி, நேரம், பெட்டி எண், அண்ணாச்சி காது வச்சுச் சொன்னது. ராணி அறை கட்டுதா, மெழுகுப் புழு விழுந்திருக்கா, பூ இல்லாம கூட்டமே ஓடிருச்சா, எல்லாம் எழுதுங்க. ஒரு பூ சீசன் முழுக்க எழுதினபிறகு 20 பட்டையையும் இந்த வரிகளையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. எந்தப் பட்டை ஏறினா உங்க போனுக்கு மெசேஜ் வரணும்னு அப்ப முடிவு பண்ணுங்க.