மாதா சிற்பங்களில் எது அசல்? ஒரு நேயரின் சந்தேகம்

சரி, இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடவே இல்லை. நேயர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "பெர்லினில் தொனாத்தெல்லோ செதுக்கிய மாதாவும் குழந்தையும் பளிங்குச் சிற்பத்தைப் பார்த்தேன். அப்புறம் வேறு அருங்காட்சியகங்களில் அதே மாதா, அதே குழந்தை, சுதையில் பார்த்தேன். விளக்க அட்டையில் 'தொனாத்தெல்லோவைப் பின்பற்றி' என்று போட்டிருந்தது. நகலை எதற்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிறார்கள்? இது ஏமாற்று இல்லையா?"

கேள்வியில் இருக்கும் கோபம் எனக்குப் பிடித்திருக்கிறது. டிக்கெட் எடுத்து உள்ளே போனவருக்கு அந்தக் கோபம் வரத்தான் செய்யும்.

முதலில் நேரடியான பதில். தொனாத்தெல்லோ 15ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரத்தில் இருந்த சிற்பி. பெர்லினில் போடே அருங்காட்சியகத்தில் இருப்பது 'பாட்சி மடோனா'. மடோனா என்றால் மாதாதான். 1420களில் செய்தது, ஏறக்குறைய 75 சென்டிமீட்டர் உயரம். அது தொனாத்தெல்லோ கையால் செதுக்கிய பளிங்கு என்பதுதான் பெரும்பாலோரின் முடிவு. ஒரு ஜன்னல் சட்டத்துக்குள் அம்மாவும் பிள்ளையும் முகத்தோடு முகம் வைத்திருக்கிறார்கள். இருவர் தலையிலும் ஒளிவட்டம் கிடையாது. அம்மா முகத்தில் சிரிப்பும் கிடையாது. பிள்ளைக்குப் பிற்காலத்தில் என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்தவள் பிடிக்கிற பிடி அது. நீங்கள் மற்ற ஊர்களில் பார்த்தவை அதிலிருந்து எடுத்த வார்ப்புகள்.

ஆனால் இதோடு கேள்வி முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். 'வெரோனா மடோனா' என்று இன்னொன்று இருக்கிறது. அதுவும் தொனாத்தெல்லோவின் வடிவம்தான். வெரோனா நகரத் தெரு ஒன்றில் சுவரில் ஒரு பிரதி இருப்பதால் அந்தப் பெயர் வந்தது. சுட்ட மண், சுதை, காகிதக் கூழ் என்று அதற்குப் பல பிரதிகள் உண்டு. அசல் என்று கை காட்ட ஒன்றுகூட இல்லை. இப்போது எதை அசல் என்பீர்கள்? எதை ஏமாற்று என்பீர்கள்?

இங்கேதான் நான் வைத்தியர் கதையைச் சொல்ல வேண்டும். பழைய நேயர்கள் 'மறுபடியுமா' என்று கேட்பது காதில் விழுகிறது. பரவாயில்லை. 1456இல் தொனாத்தெல்லோவுக்கு எழுபது வயதுக்குப் பக்கம். உடம்பு சரியில்லை. ஃபுளோரன்ஸில் ஜொவான்னி கெல்லினி என்ற வைத்தியர் அவருக்குச் சிகிச்சை செய்தார். அந்த வருடம் ஆகஸ்ட் 27ஆம் தேதி வைத்தியர் தன் கணக்குப் புத்தகத்தில் ஒரு குறிப்பு எழுதினார். செய்த சிகிச்சைக்கு நன்றியாகத் தொனாத்தெல்லோ தனக்கு ஒரு வட்டமான வெண்கலச் சிற்பம் கொடுத்தார், சாப்பாட்டுத் தட்டு அளவு, அதில் மாதா, குழந்தை, தேவதூதர்கள் இருக்கிறார்கள் என்கிறார். அடுத்து எழுதியதுதான் விஷயம். அதன் பின்பக்கம் குழிவாகச் செய்யப்பட்டிருக்கிறது, உருக்கிய கண்ணாடியை அதில் ஊற்றினால் முன்பக்கத்தில் இருக்கும் அதே உருவங்கள் வரும் என்று எழுதியிருக்கிறார்.

புரிகிறதா? ஃபுளோரன்ஸின் மிகப் பெரிய சிற்பி தன் வைத்தியருக்கு ஒரு சிற்பத்தைக் கொடுக்கும்போது, அதன் முதுகிலேயே அச்சையும் செய்து கொடுத்திருக்கிறார். 'உனக்கு வேண்டிய அளவு நகல் எடுத்துக்கொள்' என்று அர்த்தம். அந்த வெண்கலம் இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கெல்லினி மடோனா என்று கேளுங்கள். முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள், பின்பக்கம்தான் எனக்கு முக்கியம்.

அதனால்தான் சொல்கிறேன், 15ஆம் நூற்றாண்டு ஃபுளோரன்ஸில் நகல் என்பது திருட்டு இல்லை. சிற்பியே விரும்பியது அது. வாங்குகிறவருக்கு வேண்டியது வீட்டில் ஜெபம் செய்ய ஒரு மாதா சொரூபம். பளிங்குக்குப் பணம் இல்லையா, சுதையில் வாங்கு. அதற்கும் இல்லையா, சின்னதாக மண்ணில் வாங்கு. எதன் முன்னால் மண்டியிட்டாலும் ஜெபம் ஜெபம்தான்.

எப்படிச் செய்தார்கள் என்று கேட்டால், பளிங்கு அல்லது களிமண் மாதிரியின் மேல் அச்சு எடுப்பார்கள். சுதை என்றால் கரைத்து ஊற்றுவார்கள். களிமண் என்றால் அச்சுக்குள் கையால் அழுத்தி, வெளியே எடுத்து, காயவைத்துச் சுடுவார்கள். இதில் நமக்கு உதவும் விஷயம் ஒன்று உண்டு. களிமண் காயும்போதும் சுடும்போதும் சுருங்கும். நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்து பங்கு வரை போய்விடும். சுதை சுருங்காது. ஆகவே ஒரே அச்சில் வந்த இரண்டில் சுட்ட மண் சிறியதாகவும் சுதை பெரியதாகவும் இருக்கும். சுட்ட மண் பிரதியிலிருந்து மறுபடி அச்சு எடுத்து, அதில் மறுபடி மண்ணை அழுத்தியிருந்தால் இன்னும் சின்னது. அளவுகோல் ஒன்று போதும், எது எதற்குப் பிள்ளை, எது பேரப்பிள்ளை என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

அச்சிலிருந்து வந்ததும் வேலை முடியவில்லை. அதை ஓவியரிடம் அனுப்புவார்கள். நேரி தி பிச்சி என்று ஒரு ஃபுளோரன்ஸ் ஓவியர், பெரிய மேதை எல்லாம் இல்லை, ஆனால் எழுதிவைக்கிற பழக்கம் உள்ளவர். 1453இலிருந்து 1475 வரை அவர் பட்டறையில் நடந்ததை எல்லாம் நாட்குறிப்பாக எழுதியிருக்கிறார். அதில் சுதையில் செய்த மாதாக்களுக்கு வண்ணம் தீட்டிய குறிப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. தெசிதேரியோ செய்த வடிவம் என்று சிற்பியின் பெயரைச் சொல்லும் குறிப்பும் உண்டு. அங்கியில் நீலம், விளிம்பில் தங்கம், கன்னத்தில் சிவப்பு. நாம் வெள்ளை வெளேர் என்று பார்க்கும் பல சிற்பங்கள் அன்று அப்படி இருக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் 'மறுமலர்ச்சிக் காலம் என்றால் வெள்ளை' என்று நினைத்து வண்ணத்தைச் சுரண்டி எடுத்ததும் உண்டு. அதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

தெல்லா ரொப்பியா என்ற ஃபுளோரன்ஸ் சிற்பிக் குடும்பம் பற்றிப் போன முறை நிறையப் பேசிவிட்டோம், அதனால் சுருக்கமாக. லூக்கா தெல்லா ரொப்பியா 1440களில் சுட்ட மண்ணின் மேல் வெள்ளீயம் கலந்த கண்ணாடிப் பூச்சு போட்டார். நீலப் பின்னணியில் வெள்ளை மாதா. மழையில் நனைந்தாலும் ஒன்றும் ஆகாது. இத்தாலியில் லா வெர்னா மலை மடத்துக்குப் போனால், அந்த ஈரத்திலும் குளிரிலும் அவருடைய அண்ணன் மகன் அந்திரேயா செய்த பலிபீடச் சிற்பங்கள் நேற்று செய்தது போல நிற்கின்றன. வண்ணப் படம் மட்டும் அங்கே மாட்டியிருந்தால் பாடுதான்.

எல்லாச் சிற்பிகளும் இப்படி நகலுக்குச் சம்மதித்தார்களா என்றால், இல்லை. மைக்கேலாஞ்சலோ நேர் எதிர். பெல்ஜியத்தில் புரூஜ் நகரத்தில் இருக்கும் அவருடைய மாதாவை ஃபிளாண்டர்ஸ் துணி வியாபாரிகளான முஸ்க்ரோன் குடும்பத்தார் வாங்கினார்கள். 1506இல் அவர் அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில், அந்தப் பளிங்கு மாதாவை யாருக்கும் காட்ட வேண்டாம் என்கிறார். யாரும் பார்க்காமலே ஊரைவிட்டுப் போயிற்று. விளைவு என்ன தெரியுமா? அவர் வாழ்க்கையை எழுதிய கொண்டீவி, வஸாரி இருவருமே அதை வெண்கலம் என்று எழுதிவிட்டார்கள்! அப்பேர்ப்பட்ட ரகசியம். அதற்கு நகல் எடுக்க அன்று ஃபுளோரன்ஸில் யாருக்கு வாய்ப்பு?

இன்னொன்று. 'ஏமாற்று' என்ற சொல்லுக்குப் பொருத்தமான ஆளும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் ஜொவான்னி பாஸ்தியானினி என்ற சிற்பி செய்த மார்பளவுச் சிலையை, மறுமலர்ச்சிக் காலத்தது என்று நம்பி 1866இல் பாரிஸ் லூவ்ரே வாங்கியது. அடுத்த வருடமே குட்டு வெளிப்பட்டது. பழையது என்று சொல்லிப் புதியதை விற்பது ஏமாற்று. 1460இல் பட்டறையில் வார்த்து, வண்ணம் பூசி, ஒரு குடும்பத்துக்கு விற்றது அந்தக் கணக்கில் வராது. அதற்கும் இப்போது ஐந்நூற்று அறுபது வயது ஆகிறது.

நேயரே, எனக்கு ஒரு ஆசை. நீங்கள் 'எது அசல்' என்று கேட்காமல் 'இதை எந்த அறையில் வைத்தார்கள், யார் பார்த்தார்கள்' என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டதாகவே வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

பெரும்பாலும் படுக்கை அறை. ஃபுளோரன்ஸ் குடும்பங்களின் சொத்துப் பட்டியல்களில் அறை அறையாகச் சாமான்களை எழுதியிருப்பார்கள். கட்டில், பெட்டி, அதற்குப் பக்கத்தில் 'நம் அன்னை' ஒன்று. சிற்பி பெயரைப் பெரும்பாலும் எழுத மாட்டார்கள். சட்டம், சில சமயம் திரை, முன்னால் விளக்கு. கல்யாணமாகி வரும் பெண்ணின் அறைக்கு இது வேண்டும். ஜொவான்னி தொமினிச்சி என்ற தொமினிக்கன் துறவி 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பெண்மணிக்குக் குழந்தை வளர்ப்பு பற்றி எழுதும்போது, வீட்டில் குழந்தை இயேசுவின் உருவங்களை வையுங்கள், கையில் குருவியோ மாதுளையோ இருந்தால் நல்லது, பிள்ளைகள் அதில் தங்களைப் பார்ப்பார்கள் என்கிறார்.

ஆனால் அந்த வீட்டில் நிஜக் குழந்தை எங்கே? வசதியான ஃபுளோரன்ஸ் குடும்பங்களில் பிறந்த பிள்ளையைப் பால் கொடுக்கும் செவிலியிடம் அனுப்புவது வழக்கம். பல நேரம் செவிலி இருப்பது கிராமத்தில். ஒப்பந்தம் பேசுவது குழந்தையின் அப்பாவும் செவிலியின் கணவனும். பல மாதங்கள், சில சமயம் இரண்டு வருடம்கூடப் பிள்ளை அங்கேதான். பெற்றவள் இருக்கும் அறையில் பிள்ளையை அணைத்துக்கொண்டிருப்பது சுவரில் இருக்கும் மாதா மட்டும்தான். அந்த அம்மாவுக்கு இது தொனாத்தெல்லோ கையால் செய்ததா, நாலாவது அச்சா என்பது ஒரு கேள்வியாகவே இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

அதனால் அடுத்த முறை அந்தச் சுதைச் சிற்பத்தைப் பார்க்கப் போனால் ஒரு வேலை செய்யுங்கள். பக்கவாட்டில் நின்று, கழுத்து மடிப்பிலும் தலைமுக்காட்டின் உட்புறத்திலும் பழைய வண்ணம் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அட்டையில் உள்ள அளவையும் குறித்து அனுப்புங்கள். பெர்லின் பளிங்கின் அளவோடு வைத்துப் பார்த்து, எத்தனையாவது தலைமுறை என்று அடுத்த வீடியோவில் சேர்ந்து கணக்குப் போடுவோம்.