மேடைக்கு முந்தைய ஆறு மாதம்

நேயர்களுக்கு வணக்கம்.

மார்கழி, தை வந்துவிட்டால் வேலூர்ப் பக்கத்துக் கல்லூரிகளில் முன்னாள் மாணவர் சந்திப்பு களைகட்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் விடுமுறைக்கு ஊர் வரும் நேரம் அது. வெயிலும் கொஞ்சம் இறங்கியிருக்கும். மதியம் ஆம்பூர் பிரியாணி என்று அழைப்பிதழிலேயே போட்டுவிட்டால் தலை எண்ணிக்கை கூடும் என்பது நிர்வாகிகளுக்குத் தெரிந்த ரகசியம். அந்தக் கூட்டத்தில்தான் "சிறந்த முன்னாள் மாணவர்" விருதும் வழங்கப்படுகிறது. தொழிலில் உயர்ந்தவருக்கு ஒன்று, ஊருக்கு உழைத்தவருக்கு ஒன்று.

விருதுக்கு ஆள் தேடுவதோ, பல இடங்களில், விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது. மூன்று வாரத்தில் யார் கிடைப்பார்? வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலை வணக்கம் போடுகிறவர் கிடைப்பார். போன வருடம் பந்தல் செலவை ஏற்றுக்கொண்டவர் கிடைப்பார். ஜனவரியில் விழா என்றால் ஜூலையில் வேலையைத் தொடங்கியாக வேண்டும். அந்த ஆறு மாதத்தில் என்னென்ன செய்வது என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில், முன்னாள் மாணவர் என்றால் யார்? பட்டம் வாங்கியவர் மட்டும்தான் என்று விதியில் எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதினால் என்ன ஆகும் தெரியுமா? டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் வேலூர் ஊரீசு கல்லூரியில் படித்தவர். ஆனால் பட்டம் பெற்றது சென்னைக் கிறித்தவக் கல்லூரியில். அந்த விதிப்படி பார்த்தால் ஊரீசு அவரைத் தன் மாணவர் என்று சொல்லவே முடியாது. ஆகவே "குறைந்தது ஓர் ஆண்டு படித்தவர்" என்று வைத்துக்கொள்வது நல்லது. குடும்பக் கஷ்டத்தால் இடையில் நின்றுபோய், பிறகு முன்னுக்கு வந்தவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். அவர்களும் இதில் வந்துவிடுவார்கள்.

பல்கலைக்கழகமே விருது கொடுக்கிறது என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. இங்குள்ள கல்லூரிகள் இணைந்திருக்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் தொடங்கியது 2002இல். அதற்கு முன் இங்குள்ள கலை அறிவியல் கல்லூரிகளில் படித்தவர்களின் சான்றிதழில் சென்னைப் பல்கலைக்கழகம் என்றுதான் இருக்கும். 1985இல் படித்தவரை "நம் பல்கலைக்கழகத்தின் புதல்வர்" என்று மேடையில் அறிவித்தால், முன்வரிசையில் இருப்பவர் சிரிப்பார். அவருக்குரிய பெருமையைக் கல்லூரி வழியாகத் தர வேண்டும்.

பெயரைச் சரிபார்ப்பது தனி வேலை. கல்லூரி அலுவலகத்தில் அட்மிஷன் ரிஜிஸ்டரும் டி.சி. புத்தகமும் இருக்கும். அதில் தேடும்போது மாவட்டத்தின் பெயரை நம்பாதீர்கள். ஆம்பூர்க்காரர் ஒருவரின் முகவரி 1980இல் வட ஆர்க்காடு மாவட்டம். 1989இல் மாவட்டம் பிரிந்து, பிறகு வேலூர் மாவட்டம் ஆனது. 2019இல் வேலூரும் மூன்றாகப் பிரிந்ததால் இப்போது அவர் திருப்பத்தூர் மாவட்டத்துக்காரர். வீடு அதே வீடுதான். பெண்களைத் தேடுவது இன்னும் கடினம். திருமணத்துக்குப் பின் இனிஷியல் மாறும், சிலருக்குப் பெயரின் பின்பாதியே மாறும். தந்தை பெயரையும் சேர்ந்த ஆண்டையும் வைத்துத் தேடினால் பெரும்பாலும் அகப்பட்டுவிடுவார்கள். இந்த ஒரு சிரமத்துக்குச் சோம்பல்பட்டதாலேயே பல கல்லூரிகளின் விருதுப் பட்டியல் ஆண்கள் பட்டியலாக நிற்கிறது.

அடுத்து, பரிந்துரைப் படிவம். ஒரே தாள், இரண்டு பக்கம், அதற்கு மேல் வேண்டாம். மத்திய அரசு பத்ம விருதுகளுக்கே தகுதிக் குறிப்பை 800 சொல்லுக்குள் கேட்கிறது. நாம் 300 சொல் கேட்டால் போதும். முக்கியமான கேள்விகள் நான்கு. என்ன செய்தார், எங்கே, எந்த ஆண்டிலிருந்து, அவர் நிறுத்திவிட்டால் யாருக்கு நஷ்டம்? கடைசிக் கேள்விக்குப் பதில் எழுத முடியாமல் பலர் படிவத்தையே திருப்பித் தந்துவிடுவார்கள், அதுவும் நல்லதுதான். சாட்சி சொல்ல இரண்டு பேர் வேண்டும். இருவரும் உறவினராக இருக்கக் கூடாது. ஒருவராவது அந்த வேலை நடக்கும் ஊர்க்காரராக இருக்க வேண்டும்.

படிவத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டுக் காத்திருந்தால் அங்கே நடமாடுகிற முகங்களே திரும்ப வரும். துறைவாரியாக, ஆண்டுவாரியாக ஒருவரைப் பொறுப்பாக்கி, ஆளுக்கு இருபது பேரிடம் தொலைபேசியில் பேசச் சொல்லுங்கள். "உங்கள் வகுப்பில் யாருக்கு விருது தரலாம்?" என்று கேட்டால் கலெக்டர் ஆனவரைச் சொல்வார்கள். "உங்கள் வகுப்பில் யாரைப் பற்றி யாருமே பேசுவதில்லை?" என்று கேட்டுப் பாருங்கள். ஜவ்வாது மலைப் பள்ளியில் இருபது வருடமாக இருக்கும் ஆசிரியரின் பெயர் அப்போதுதான் வரும். பலர் படைக்குப் போனதால் ராணுவப்பேட்டை என்றே பெயர் வாங்கிய கம்மவான்பேட்டை நம் பக்கத்தில்தான் இருக்கிறது. படைக்குப் போன மாணவர் எத்தனை பேர் என்று எந்தக் கல்லூரியிலாவது பட்டியல் வைத்திருக்கிறார்களா?

இனி, தேர்வு. ஏழு பேர் கொண்ட குழு போதும். அதில் மூவர் வெளியாட்களாக இருக்கட்டும். தொழில் சாதனையையும் சமூகப் பணியையும் ஒரே மதிப்பெண் தாளில் போடவே கூடாது. தொழிலில் உயர்ந்தவருக்குக் காகிதம் உண்டு: நியமன ஆணை, காப்புரிமை, ஆய்வுக் கட்டுரை, கம்பெனியின் ஆண்டறிக்கை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் படித்த ககன்தீப் காங் 2019இல் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் அமைப்பின் உறுப்பினரானார். அந்தச் சிறப்பைப் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர். இதைச் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும். ஊர்ப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறவரிடம் என்ன காகிதம் இருக்கும்? இரண்டையும் ஒரே தட்டில் நிறுத்தால் காகிதம் வைத்திருப்பவர்தான் ஜெயிப்பார். அதே மருத்துவக் கல்லூரி, கிராமங்களிலும் வசதியில்லாத இடங்களிலும் பணியாற்றும் தன் முன்னாள் மாணவர்களுக்கென்றே பால் ஹாரிசன் விருதைத் தனியாக வைத்திருக்கிறது. இதற்கென ஒரு தனி வரிசை வைத்ததால்தான் அவர்கள் பெரிய பதவிக்காரர்களோடு போட்டி போட வேண்டியதில்லை.

சமூகப் பணி என்றால் குழுவில் இருவர் நேரில் போய்ப் பார்த்தே ஆக வேண்டும். அரைநாள் வேலைதான். விருதுக்குரியவரை உடன் அழைத்துப் போகாதீர்கள். அவர் பக்கத்தில் இருந்தால் ஊர்க்காரர்கள் புகழத்தான் செய்வார்கள். மரக்கன்றை எடுத்துக்கொள்ளுங்கள். "10,000 கன்று நட்டார்" என்று படிவத்தில் இருக்கும். நம் ஊரில் கன்று நடுவது ஐப்பசியில். கார்த்திகையில் போய்ப் பார்த்தால் எல்லாமே பச்சையாகத்தான் தெரியும். வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே போகிற நாள் முக்கியம், கன்று கோடையைத் தாண்டிய பிறகு போங்கள். புதிதாக நட்டது இன்னும் கோடையைப் பார்க்கவில்லை என்றால், இரண்டு கோடையைத் தாண்டிய பழைய நடவைக் காட்டச் சொல்லுங்கள். ஓர் ஓரத்திலிருந்து வரிசையாக நூறு குழியை எண்ணுங்கள். துளிர் இல்லாவிட்டால் நகத்தால் பட்டையைக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, பழுப்பாக இருந்தால் குச்சி. வேலி இருக்கிறதா, ஆடு மேய்ந்த தடம் இருக்கிறதா, சித்திரையில் தண்ணீர் லாரிக்கு யார் பணம் கொடுத்தார் என்று கேளுங்கள். நூற்றுக்கு எழுபது நின்றிருந்தால் அந்த மனிதர் 300 கன்றுதான் நட்டிருந்தாலும் சரி, அவரைத்தான் மேடையேற்ற வேண்டும்.

கண் முகாம் என்றால் "பயன்பெற்றோர் 500" என்ற சொல்லில் ஏமாந்துவிடக் கூடாது. பரிசோதித்தவர் எத்தனை பேர், அறுவை சிகிச்சை நடந்தது எத்தனை பேருக்கு, ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தவர் எத்தனை பேர் என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். மூன்றாவது எண்ணைச் சட்டென்று சொல்கிறவர் உண்மையாகவே வேலை செய்கிறவர். மாலை வகுப்பு என்றால் வருகைப் பதிவேட்டில் தேர்வுக்கு அடுத்த மாதத்தைப் புரட்டி, அப்போதும் பிள்ளைகள் வந்தார்களா என்று பாருங்கள்.

பணம் பற்றியும் ஒரு வார்த்தை. நன்கொடையாளருக்கு நன்றி சொல்லுங்கள், கல்வெட்டில் பெயர் பொறியுங்கள், ஆனால் அதே ஆண்டு விருதும் அவருக்கே என்றால் பார்ப்பவர்கள் கூட்டிக் கழித்துப் பார்த்துவிடுவார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தில் கவனம் தேவை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வராது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் வரும், அவர் காட்பாடியில் பிறந்தவராகவே இருந்தாலும். சங்கத்துக்கு அந்தச் சட்டப்படியான பதிவு இல்லையென்றால் வாங்கக் கூடாது. கோப்பைக்கு ஆகும் செலவைத்தானே கொடுக்கிறார் என்று வாங்கிவிட்டுப் பிறகு ஆடிட்டரிடம் விழிக்காதீர்கள்.

தேர்ந்தெடுத்தவரிடம் குறைந்தது இரண்டு மாதத்துக்கு முன்பாகவே சம்மதம் கேளுங்கள். காரணம் மரியாதை மட்டும் இல்லை. மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளில் 14ஆவது விதி, தனக்காக நடத்தப்படும் பாராட்டுக் கூட்டத்தில் கலந்துகொள்ள முன் அனுமதி வாங்கச் சொல்கிறது. அந்தக் கோப்பு மேசை மேசையாக நகர்ந்து வர நாளாகும். கடைசி வாரத்தில் அவர் "வர முடியாது" என்று சொல்லும்போது அழைப்பிதழ் அச்சாகி முடிந்திருக்கும்.

விருதாளரைப் பற்றி மேடையில் வாசிக்கும் தகுதியுரைக்கு வருவோம். விழாவில் இதுதான் உயிர். ஆனால் முந்தின இரவு யாரோ எழுதுவார்கள். "தன்னலமற்ற தொண்டால் சமுதாயத்துக்கு அரும்பணி ஆற்றிவரும் பண்பாளர்" என்று ஒரு வாக்கியம் எல்லார் தலையிலும் விழும். பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும் வாக்கியத்தை அடித்துவிடுங்கள். டாக்டர் மேரி வர்கீஸ் நம் வேலூர் மருத்துவக் கல்லூரி மாணவி. 1954இல் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. அதன் பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயால் மடங்கிப்போன கைவிரல்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1972இல் பத்மஸ்ரீ பெற்றார். இதில் ஒரு புகழ்ச் சொல்லாவது இருக்கிறதா? இருந்தும் கேட்கிறவர் நிமிர்ந்து உட்காருவார். ஆண்டு, இடம், செய்த காரியம், இந்த மூன்றும் இருந்தால் அடைமொழி தேவையில்லை. மேடையில் நிதானமாக வாசித்தால் இரண்டு நிமிடத்துக்கு 180 சொல் வரும். அதற்கு மேல் போகாதீர்கள். எழுதியதை விருதாளருக்கு அனுப்பி, ஆண்டுகளைச் சரிபார்த்து வாங்குங்கள். வாசிப்பவர் ஒருமுறையாவது உரக்கப் படித்துப் பார்க்கட்டும்.

எத்தனை பேருக்கு விருது? கணக்கு எளிது. தகுதியுரை இரண்டு நிமிடம், பொன்னாடையும் படமும் ஒரு நிமிடம், ஏற்புரை ஐந்து நிமிடம். ஆளுக்கு எட்டு நிமிடம். பன்னிரண்டு பேர் என்றால் 96 நிமிடம். எட்டாவது ஆள் பேசும்போது பந்தி தொடங்கியிருக்கும். நான்கு பேர் என்றால் 32 நிமிடம். நான்கே போதும்.

நினைவுப் பலகையில் ஒரு கண்ணி இருக்கிறது. நாம் போனில் தட்டச்சு செய்து அனுப்புவது யூனிகோடு. பொறிக்கிற கடையில் இருப்பது பழைய மென்பொருளாக இருந்தால், ஒட்டும்போது கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். "வேலூர்" என்பதில் வகரம் முந்திக்கொண்டு கொம்பு பின்னால் வரும். கடைக்காரர் பிழை பார்க்க மாட்டார். அது அவர் வேலையும் இல்லை. பெயர், பட்டம், ஆண்டு மூன்றையும் பி.டி.எஃப். ஆக அனுப்பி, பொறிப்பதற்கு முன் மாதிரியை வாங்கி, எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் படியுங்கள். இனிஷியல் தமிழிலா ஆங்கிலத்திலா என்பதை விருதாளரிடமே கேட்டுவிடுங்கள்.

விழா நாளில் விருதுகள் முதலில், சிறப்பு விருந்தினர் உரை பிறகு. மாற்றி வைத்தால், பேசி முடித்தவர் அவசர வேலை என்று கிளம்புவார், புகைப்படக்காரர்களும் கூடவே போவார்கள், விருது வாங்குகிறவர் காலி நாற்காலிகளைப் பார்த்துக் கும்பிடுவார். எழுபத்தைந்தைத் தாண்டியவர்களை இரண்டு மணி நேரம் மேடையில் உட்கார வைக்காதீர்கள். முன்வரிசையில் குடும்பத்தோடு இருக்கட்டும், அவர் முறை வரும்போது அழையுங்கள். படிக்கு ஓரத்தில் பிடிமானம் வேண்டும், சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் வேண்டும். பலகையைக் கையில் கொடுப்பது அவருக்குப் பாடம் நடத்திய பேராசிரியராக இருந்தால் அதைவிட நல்ல படம் அமையாது. அன்று காலையில் முக்கால் மணி நேரம் அவரை அவர் படித்த துறை மாணவர்களோடு வகுப்பறையில் உட்கார வையுங்கள், மைக் இல்லாமல்.

விழா முடிந்த வாரத்தில், பரிந்துரைப் படிவம், நேரில் பார்த்து எழுதிய குறிப்பு, தகுதியுரை, ஒரு படம், நான்கையும் ஒரு கோப்பில் போட்டு நூலகத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். செயலாளர் வீட்டு அலமாரியில் வைத்தால் செயலாளர் மாறும்போது கோப்பும் போய்விடும். தகுதியுரையின் ஒரு பிரதியைச் சாட்சி சொன்ன ஊர்க்காரர்களுக்கும் தபாலில் அனுப்புங்கள். தமிழில், பெரிய எழுத்தில்.

வணக்கம்.