சாய்தளம் தானாக முளைத்ததா?

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்த வேலூர் வெயிலிலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

உடல் ஊனத்தை வெல்ல வைப்பது விடாமுயற்சியும் நம்பிக்கையுமா, வசதிகளா? இதுதான் தலைப்பு. வசதிகளே என்று பேசிய எதிரணி அம்மா, சக்கர நாற்காலி, சாய்தளம், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் என்று அடுக்கினார். ‘நம்பிக்கையோடு இரு என்பது, நாம் கை கழுவிக்கொள்ளும் பேச்சு’ என்று ஒரு போடும் போட்டார். நானும்தான் கைதட்டினேன். படி மட்டுமே உள்ள ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டு ‘தன்னம்பிக்கையோடு ஏறி வாப்பா’ என்று சொல்பவரை எனக்கும் பிடிக்காது.

ஆனால் அம்மா, அந்த வசதிகளை யார் கொண்டுவந்தது?

காட்பாடியில் பஸ் ஏறிப் பாகாயத்தில் இறங்குங்கள். அங்கே இருக்கும் மறுவாழ்வு நிலையத்துக்கு டாக்டர் மேரி வர்கீஸ் பெயர். கேரளத்துக்காரர், நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், அதாவது சிஎம்சியில், டாக்டர். 1954இல் ஒரு வாகன விபத்து. முதுகுத்தண்டு அடிபட்டு, கால்கள் செயலிழந்தன. அப்போது அங்கே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்துவந்த டாக்டர் பால் பிராண்ட் ஒரு யோசனை சொன்னார்: தொழுநோயால் முடங்கிய கைகளுக்கான ஆபரேஷனை உட்கார்ந்தே செய்யலாமே! சக்கர நாற்காலியில் இருந்தபடி மேரி செய்தார். ‘பார்த்தீர்களா, பிராண்ட் உதவினார்’ என்று எதிரணி குறித்துக்கொள்வது தெரிகிறது. குறித்துக்கொள்ளுங்கள். யோசனை சொல்ல ஒரு நிமிஷம் போதும். கத்தியைப் பிடித்துக் கற்றுக்கொள்ள?

அந்தக் கை ஆபரேஷனையே கொஞ்சம் பாருங்கள். மோதிர விரலை மடக்கும் தசைநாண் ஒன்றை, அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நாணை, திருப்பி, செயலிழந்த கட்டைவிரலோடு இணைப்பார்கள். வாரக்கணக்கில் மாவுக்கட்டு. பிரித்ததும் கட்டைவிரல் ஓடிவந்து வேலை செய்யுமா? செய்யாது. அந்தத் தசைக்குப் பழைய வேலைதான் தெரியும். மோதிர விரலை மடக்குவதாக நோயாளி நினைக்க வேண்டும். அப்போது கட்டைவிரல் அசையும். அப்படியே நினைத்து நினைத்து, அசைத்து அசைத்து, ஒருநாள் டம்ளரைப் பிடிப்பார், அப்புறம் சட்டைப் பித்தானைப் போடுவார். தசைநாணை மாற்றி வைத்தது டாக்டர்தான், ஒப்புக்கொள்கிறேன். பயிற்சியைப் பாதியில் விட்டால் அந்த நல்ல ஆபரேஷனும் வீண்.

நம்பிக்கை என்றால் எந்நேரமும் சிரித்த முகம் என்று எதிரணி நினைத்துக்கொண்டிருக்கிறது. ராத்திரி முழுக்க அழுதுவிட்டு, காலையில் பயிற்சிக்கு வந்து கையை நீட்டுபவரை என்னவென்று சொல்வீர்கள்?

மேரி வர்கீஸ் அந்த ஆபரேஷன்களோடு நிறுத்திக்கொள்ளவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், நோயாளியாகத் தானே மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார். நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்தார். திரும்பி வந்து, வேலூரில் அந்தத் துறைக்கே தலைமை ஏற்றார். 1966இல் பாகாயம் நிலையம் திறந்தது. 1972இல் பத்மஸ்ரீ வந்தது, அது இருக்கட்டும்.

நடுவர் ஐயா, எதிரணி தூக்கிப் பிடிக்கும் 2016 சட்டத்துக்கு முந்தைய சட்டமே 1995இல்தான் வந்தது. அதற்கு 29 வருஷம் முன்பே பாகாயத்தில் கட்டடம் எழுந்துவிட்டது. விபத்துக்கும் அந்தத் திறப்புக்கும் நடுவே உள்ள 12 வருஷத்தை எந்த வசதியின் கணக்கில் எழுதுவது? அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் பதில் சொல்லட்டும், காத்திருக்கிறேன்.